வலுவழங்கியும் வெப்பமும்

தொழிற்சாலைப் பொறிகளை ஆளும் இலத்திரனியற் சுற்றுக்கள் உருவிற் சிறியன; பணியிற் பெரியன. அவை ஒருகணம் பிழைப்பின் பொறி முழுவதும் நின்றுவிடும். அவற்றுக்கு வேண்டிய மின்னை ஏற்றத்தாழ்வின்றி அளிப்பது வலுவழங்கியின் கடமையாம். வழங்கி உட்பெறும் வலுவில் எத்துணைப் பங்கு பயன்படுவலுவாக வெளிவருகின்றதோ, அதுவே அதன் வினைத்திறன். எஞ்சிய பங்கு மறைந்துபோவதில்லை, வெப்பமாக மாறுகின்றது.

வலுவழங்கிகளை நேர்கோட்டு முறையின, ஆளி முறையின என இருவகைப்படுத்தலாம். கைத்தொழிற் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிற் பெரும்பாலும் 24 உவோற்று நேரோட்டம் வழங்கப்படுகின்றது. உள்ளிருக்கும் சுற்றொன்றுக்கு 5 உவோற்றில் 2 அம்பியர் வேண்டும் எனக் கொள்க. நேர்கோட்டு முறையில், திரான்சிற்றர் ஒன்று மாறுந்தடைபோல இடைநின்று, மிகுதியான 19 உவோற்றையும் தானே ஏற்கின்றது. சுற்றுப் பெறுவது 10 உவாற்று. வெப்பமாவது 38 உவாற்று. வினைத்திறன் நூற்றுக்கு 21 ஐயும் எட்டவில்லை.

ஆளி முறையிலோ திரான்சிற்றர் முற்றாக மூடிச் சுற்றை இணைக்கும். அன்றேல் முற்றாகத் திறந்து துண்டிக்கும். துண்டித்த நிலையில் ஓட்டமில்லை. இணைத்த நிலையில் அழுத்தவீழ்ச்சி மிகச் சிறிது. வலு என்பது இவ்விரண்டின் பெருக்கமாதலின், இரு நிலைகளிலும் இழப்பு அற்பமே. செக்கனுக்கு 100,000 முறை இவ்வாறு இணைத்துத் துண்டிக்கையில், தூண்டற்சுருளும் கொள்ளளவியும் அத்துடிப்புக்களைச் சமன்செய்கின்றன. இணைந்திருக்கும் நேரத்தின் விகிதமே வெளிவரும் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். வினைத்திறன் நூற்றுக்கு 90 ஆயின், அதே 10 உவாற்றை அளிக்கையில் வெப்பமாவது ஏறக்குறைய 1.1 உவாற்றே.

மீடிறன் உயர உயரச் சுருளும் கொள்ளளவியும் சிறுக்கும். ஆயின் அதனை எல்லையின்றி உயர்த்தலாமோ? ஆகாது. நிலைமாறும் குறுகிய இடைவேளையில் அழுத்தமும் ஓட்டமும் ஒருங்கே நிற்பதனால், ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது சத்தி வெப்பமாகின்றது. மாற்றங்கள் பெருக இழப்பும் பெருகும். அன்றியும், ஆடலோட்டம் செக்கனுக்கு 50 சுற்றாகும்போது செப்பினுள் 9 மில்லிமீற்றரளவு ஊடுருவும். 100,000 சுற்றில் 0.2 மில்லிமீற்றரளவே ஊடுருவும். எனவே தடித்த கம்பியின் நடுப்பகுதி பயனின்றிப் போகும். இத்தகைய ஆதாயத்தையும் இழப்பையும் சீர்தூக்கி மீடிறனைத் தெரிவதிலேயே அமைப்போனின் திறமை புலப்படும்.

நேர்கோட்டு முறை முற்றாக ஒதுக்கத்தக்கதன்று. ஆளி முறை மின்னிரைச்சலை விளைவிக்கும். நுண்ணிய அளவீட்டுக் கருவிகளுக்கு அது ஊறாகும். அத்தகைய இடங்களில் 24 உவோற்றை ஆளி முறையால் 5.5 உவோற்றாக்கி, எஞ்சிய அரை உவோற்றை மட்டும் நேர்கோட்டு முறையாற் குறைத்தல் தக்கது.

வினைத்திறனால் மின்கட்டணம் குறையும் என்பது யாவரும் அறிந்ததே. அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. வழங்கியின் உறுப்புக்களுள் வெப்பத்தால் விரைவில் நலிவது மின்பகு கொள்ளளவி. அதனுள்ளிருக்கும் திரவம் மெல்ல ஆவியாகி வெளியேறும். 10 பாகை வெப்பம் தணியுந்தோறும் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் அண்ணளவான விதி. 105 பாகையில் 5,000 மணி நேரம் உழைக்கும் கொள்ளளவி 85 பாகையில் 20,000 மணி நேரம் உழைக்கும். 65 பாகையில் 80,000 மணி நேரம் உழைக்கும். இரவுபகலாக இயங்கும் பொறிக்கு முன்னையது ஈராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம். பின்னையது ஒன்பது ஆண்டு. தூசு புகாவண்ணம் மூடிய பெட்டிக்குள் வெப்பம் வெளியேற வழி அரிதாதலின், அதனைத் தோன்றாமற் காப்பதே பொறியின் ஆயுளைக் காப்பதாகும்.