தேய்ந்த ஜீப் எஞ்சினுக்கு எந்த ரிங்?

எங்கள் வண்டி அப்பா காலத்து மகேந்திரா சிஜே 3பி. பெட்ரோல் வண்டி. வில்லிஸ் கம்பெனியின் ‘ஹரிகேன்’ எஞ்சின், நாலு சிலிண்டர், சுமார் 2,200 சிசி. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளும் உரமும் ஏற்றியே தேய்ந்துபோனது. புகை தள்ள ஆரம்பித்ததும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “ரிங்கை மாத்துப்பா, சரியாயிடும்.” மாற்றினேன். சரியாகவில்லை. ஒரு செட் ரிங் காசு போன பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், கோளாறு ரிங்கில்தானா என்று பார்க்கணும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளே நல்ல சோதனைக்கூடம். ஏறும்போது இழுவை குறைந்து, கிராங்க் கேஸ் மூச்சுக்குழாயில் புகை குபுகுபுவென்று வந்தால், மேலே உள்ள கம்ப்ரஷன் ரிங்குகள் வாயுவைக் கீழே விடுகின்றன. இறங்கும்போது கதை வேறு. ஆக்சிலேட்டரை விட்டு செகண்ட் கியரில் வருகிறோம். எஞ்சினுக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெயை உறிஞ்சுகிறது. அடிவாரத்தில் முந்தல் வந்து மிதித்ததும் நீலப்புகை. இதற்கு ஆயில் ரிங்கும் காரணமாகலாம், வால்வு கைடும் காரணமாகலாம். கம்ப்ரஷன் குறைவான சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

அடுத்தது அளவு. நான் சறுக்கியது இங்கேதான். எங்கள் பிளாக் ஏற்கெனவே 40 தௌ ரீபோர் ஆனது (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கடையில் 30 தௌ ரிங்தான் இருந்தது. “பத்து தௌதானே, ஓடும்” என்றார்கள். நானும் நம்பினேன். ஆனால் ரிங் என்பது ஒரு வட்டம். விட்டத்தில் 10 தௌ குறைந்தால் சுற்றளவில் 31 தௌ குறையும். அதாவது ரிங்கின் வாய் கூடுதலாக 0.8 மி.மீ. திறந்து நிற்கும். 80 மி.மீ. போருக்கு இருக்க வேண்டிய இடைவெளியே 0.3 மி.மீ. அளவுதான்!

இதே கணக்கு போரின் தேய்மானத்துக்கும் பொருந்தும். சிலிண்டர் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும். மேலுக்கும் கீழுக்கும் 5 தௌவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங் மட்டும் மாற்றுவது வீண், ரீபோர்தான். அதற்குள் என்றால், ரிங்கைத் தேய்மானம் குறைந்த கீழ்ப்பகுதியில் நேராக வைத்து ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். மேலே மட்டும் பார்த்து நிறுத்தினால், கீழே வரும்போது வாய் முட்டி ரிங் உடையும். மேல் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பையும் எடுத்துவிடணும்; இல்லையென்றால் புது ரிங் அதில் இடிக்கும். பிஸ்டன் காடி அகன்றுபோயிருந்தாலும் புது ரிங் ஆடத்தான் செய்யும்.

கடைசியாக ரகம். குரோம் ரிங் நீண்ட நாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் அது கடினமானது. சற்றே கோணிய பழைய போரில் படிய அடம்பிடிக்கும். சாதாரண வார்ப்பிரும்பு ரிங் தானும் தேய்ந்து சீக்கிரம் படிந்துகொள்ளும். ஆயில் ரிங்குக்கு, இரண்டு மெல்லிய எஃகுத் தகடும் நடுவில் ஸ்பிரிங்கும் கொண்ட மூன்று துண்டு ரகம் போரின் கோணலுக்கு நன்றாக வளைந்துகொடுக்கும். எது போட்டாலும் கண்ணாடி போல வழவழத்த போரை ஹோனிங் கல்லால் குறுக்குக்கோடு விழத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, உடனே எண்ணெய் பூசணும்.

இரண்டாவது முறை அளந்தபோது நாலு சிலிண்டரும் 4 தௌவுக்குள் இருந்தன. 40 தௌ வார்ப்பிரும்பு ரிங்கே போட்டோம். அவசரப்பட்டு ரீபோர் செய்திருந்தால், 40க்கு மேல் பிஸ்டன் கிடைக்காமல் நாலுக்கும் ஸ்லீவ் அடிக்க வேண்டியிருக்கும். வண்டி இப்போதும் கொஞ்சம் எண்ணெய் குடிக்கிறது. ஆனால் முந்தலில் புகை இல்லை. ரிங் வாங்கக் கிளம்பும் முன் போரை அளந்துவிடுங்கள்.