மண்டிக் காவலுக்கு ராஜபாளையம் நாய்: தீனியில் கவனம் தேவை

பருப்பு, எண்ணெய் விலை நிலவரம் பற்றி எழுதி வந்த நாம் நாய்த் தீனிக்கு வந்துவிட்டோமே என்று சிலர் சிரிக்கலாம். திருவண்ணாமலையில் இன்று சின்ன மளிகைக் கடையிலும் நாய் உணவுப் பாக்கெட் தொங்குகிறது. விற்கிறவருக்கு விவரம் தெரிய வேண்டாமா?

நமது மண்டிக் காவலுக்கு ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கினோம். வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் இந்தியத் தபால் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாட்டு நாய்களில் இந்தச் சாதியும் ஒன்று. குட்டி சீக்கிரம் பெரிதாக வேண்டுமென்ற ஆசையில், பாக்கெட் உணவோடு கால்சியம் பொடியும் தினம் இரண்டு கரண்டி கலந்து போட்டோம். கடைச் சரக்குதானே என்று அளவும் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாதம் முன்னங்கால்கள் வளைந்து, மண்டிப் படி ஏற முடியாமல் நின்றது. கால்நடை மருத்துவர் விளக்கிய பிறகே புரிந்தது. பெரிய சாதிக் குட்டியின் உடம்புக்கு மிகுதியான கால்சியத்தைத் தள்ளத் தெரியாது. அத்தனையும் உள்ளே சேர்ந்து எலும்பு வளர்ச்சியையே கெடுத்துவிடும். குட்டிகளுக்கென்று வரும் உணவில் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது. பொடியை நிறுத்தி, தீனியை நிறுத்துப் போட்டோம். ஓரளவு நிமிர்ந்தது. இடது கால் இன்றும் கோணல்தான்.

நாலு மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை போதும். ஒன்றேகால், ஒன்றரை வயது வரை குட்டித் தீனி. வளர்ந்த 25 கிலோ நாய்க்குப் பாக்கெட் உணவானால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 350 முதல் 400 கிராம். வீட்டுச் சாப்பாடு என்றால் தயிர்ச்சோறு மட்டும் பற்றாது, முட்டையோ கறியோ சேர வேண்டும். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் தீனி அதிகம். ஏழெட்டு வயதுக்கு மேல் ஓட்டம் குறையும், அளவையும் குறைக்கலாம். நெஞ்சு ஆழமான சாதி இது. வயிறு நிறையத் தின்றதும் ஓடவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிரே போகும்.

தீபத்தின்போது அன்னதானத்தில் மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலை நாய்க்கு வைக்கிறோம். அதிலுள்ள உலர் திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. வெங்காயமும் ஆகாது. வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

இன்னொன்று. பெரிய பையைப் பிரித்துச் சில்லறையில் நிறுத்து விற்கிறோம். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் கடலைப் பிண்ணாக்கில் வருவது போலவே பூஞ்சாண நஞ்சு இதிலும் வரும். நாயின் கல்லீரல் போய்விடும். மூடிபோட்ட டின்னில் வையுங்கள். காலாவதித் தேதியைக் கிழித்து எறியாதீர்கள்.

கால்சியம் பொடியை நாமே சிபாரிசு செய்து விற்ற வாடிக்கைக்காரர்கள் இருவரின் வீட்டில் குட்டிகள் இருந்தன. நேரில் போய்ச் சொன்னோம். ஒருவர் பாதி தீர்ந்த டப்பாவைத் திருப்பித் தந்தார். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.