தங்கவயல் பிள்ளைகள் (9): தோலைத் தாண்டியவர்கள்

பேத்தமங்களா ஏரிக்கரையின்மேல் மாலை வேளையில் உலாவப் போகிறவர்கள், அந்த நீர்ப்பரப்பைப் பார்த்தவண்ணம் ஒரு விருத்தாந்தத்தை நினைத்துப் பார்க்கலாம். நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து வரும் பாலாறு இங்கே தேங்கி, பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கும் தங்கவயலுக்குக் குடிநீராகப் போயிற்று. எஞ்சியது வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று வட ஆற்காட்டுக்கு இறங்கிற்று. அந்த வட ஆற்காட்டிலிருந்தோ, ஆறு இறங்கிய திசைக்கு எதிராக மனிதர்கள் குடும்பம் குடும்பமாக ஏறி வந்து, இந்தத் தண்ணீரைக் குடித்து, சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். ஏறியதெல்லாம் இறங்குவதற்காகத்தான் என்று அந்தத் தலைமுறையின் ஜாதகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ.

அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இப்போது விமானம் ஏறிப் படிக்கப் போகும் தேசங்களைப் பற்றி இத்தொடரில் எழுதி வருகிறேன். சென்ற இதழில், ஊரார் ‘பெமல்’ என்று அழைக்கும் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்லும்போது, பழுதான டாங்கிகளைக் களத்திலிருந்து இழுத்துவரும் ராணுவ மீட்பு வண்டியை அது போலந்து தேசத்துப் பூமார் நிறுவனத்தின் உதவியோடு செய்தது என்று குறிப்பிட்டேன். தங்கவயலுக்கும் போலந்துக்கும் அவ்வளவுதான் சம்பந்தம் என்று நினைத்துவிடலாகாது. அந்த வண்டியின் பிறப்பிடமான கிளிவிட்சே நகரத்தில் 1945-இல் தோன்றிய சிலேசியத் தொழில்நுட்ப சர்வகலாசாலையில் சுரங்கவியல் ஒரு பிரதான சாஸ்திரம். வார்சா, விரோத்ஸ்வாஃப், வூச் முதலிய நகரங்களிலும் பெயர்பெற்ற தொழில்நுட்பக் கலாசாலைகள் உண்டு. ஆயினும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவன், அல்லது ஒருத்தி, முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் கிராக்கோதான் என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் அங்கே படிப்பு மலிவு என்பதன்று. அங்கேயுள்ள சுரங்கக் கலாசாலை பிறந்ததும் பிழைத்ததும் நம்மைப் போன்ற சுரங்கத்து மனிதர்களுடைய கதை என்பதே.

போலந்து என்னும் ராஜ்யம் 1795 முதல் 1918 வரை தேசப்படத்திலேயே இல்லை. மூன்று அண்டை வல்லரசுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அப்படி அடிமைப்பட்டிருந்த காலத்திலும், ஸ்தனிஸ்வாஃப் ஸ்தாஷித்ஸ் என்னும் பாதிரியாரும் பூகர்ப்ப சாஸ்திரியுமான ஒருவர், 1816-இல் கியெல்த்சே நகரில் ஒரு சுரங்கப் பள்ளியை ஸ்தாபித்தார். பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேலாக நடந்து அது நின்றுபோயிற்று. பின்னர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, கிராக்கோவை ஆண்ட ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் அனுமதியை 1913-இல் பெற்று, சுரங்கக் கலாசாலை ஒன்று கட்ட முனைந்தபோது, உலக யுத்தம் குறுக்கிட்டது. யுத்தம் முடிந்து தேசம் திரும்பவும் பிறந்த மறு ஆண்டில், 1919 அக்டோபர் 20 அன்று, ராஷ்டிரத் தலைவர் பில்சூத்ஸ்கியே வந்து அதைத் திறந்துவைத்தார். பிறந்து ஓராண்டுகூட ஆகாத தேசம், எல்லைகளே இன்னும் நிச்சயப்படாத நிலையில், சுரங்கம் கற்பிக்கும் கலாசாலைக்கு முகூர்த்தம் பார்த்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஸ்தாஷித்ஸின் பெயரை அது 1969 முதல் தாங்கி நிற்கிறது.

இரண்டாம் யுத்தத்தில் அதற்கு நேர்ந்தது கொடுமை. 1939 நவம்பர் 6 அன்று ஜெர்மானியர், கிராக்கோவின் ஆசிரியர்களைச் சொற்பொழிவு கேட்க வாருங்கள் என்று அழைத்து, வந்தவர்களை அப்படியே கைது செய்து, சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சுரங்கக் கலாசாலையின் உபாத்தியாயர்களும் இருந்தார்கள். கலாசாலையின் பெரிய கட்டடம் ஆக்கிரமிப்பு அரசாங்கத்தின் காரியாலயம் ஆயிற்று. அதன் உச்சியில் நின்ற, சுரங்கத் தொழிலாளரின் காவல்தெய்வமான புனித பார்பராவின் சிலையும் தப்பவில்லை. எஞ்சிய ஆசிரியர்கள், ஜெர்மானியர் அனுமதித்த ஒரு சாதாரணத் தொழிற்பள்ளியில் வேலை பார்ப்பதுபோல் காட்டிக்கொண்டு, அதன் மறைவில் உயர்கல்வியை ரகசியமாகப் போதித்தார்கள். சிலை இப்போது திரும்பவும் உச்சியில் நிற்கிறது.

டிசம்பர் 4 பார்பராவின் திருநாள். அதையொட்டி அந்தக் கலாசாலையில் நடக்கும் ஒரு சடங்குதான் இக்கட்டுரைக்குத் தலைப்புத் தந்தது. முற்காலச் சுரங்கத் தொழிலாளி, பாறையில் உட்காரவும் சரிவில் வழுக்கி இறங்கவும், பின்புறத்தில் ஒரு தோலைக் கட்டிக்கொள்வான். புது மாணவன், மூத்தோர் இருவர் பிடித்திருக்கும் அந்தத் தோலைக் குதித்துத் தாண்ட வேண்டும். தாண்டினால் அவனும் சுரங்கக் குலத்தைச் சேர்ந்தவன். கணிப்பொறி விஞ்ஞானமும் உயிரியந்திரவியலும் கற்பிக்கும் பெரிய சர்வகலாசாலையாக வளர்ந்துவிட்ட பிறகும் அந்தத் தோலை அவர்கள் கைவிடவில்லை. உடையிலும் அப்படியே: சுரங்கத் தொழிலாளியின் கறுப்புச் சட்டையும் இறகு செருகிய தொப்பியும் அங்கே கௌரவச் சின்னம். நம்மிடத்தில் அப்பன் சுரங்கத்தில் வேலை பார்த்தான் என்று பெங்களூரு ரயிலில் உரக்கச் சொல்லும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

நம்மிடம் வித்தை இல்லாமற் போய்விடவில்லை. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த இடம் இது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் தோண்டி, 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த இடம். 1965-இல், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலைகளைச் சேர்ந்தவர்களும் கருவிகளை வைத்துக் காத்திருந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவட்டைக் கண்டார்கள். பாறை இயக்கவியலுக்கென்று தேசிய நிலையம் ஒன்று 1988-இல் இங்கேயே ஏற்பட்டது. சுரங்கப் பள்ளியும், சுரங்கப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரியும் உண்டு. இவ்வளவும் இருந்தும், சுரங்கம் மூடியபோது இவையெல்லாம் ஒன்றாகத் திரண்டு, ஊரைத் தாங்கும் ஒரு தூணாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைக் கிராக்கோவில் உட்கார்ந்து யோசிக்கும் மாணவன், இங்கே உட்கார்ந்திருப்பவனைவிட நன்றாக யோசிப்பான்.

சாஸ்திர விஷயத்திலும் ஓர் உறவு உண்டு. தங்கவயலில் நம் பாட்டன்மார் ‘ஏர் பிளாஸ்ட்’ என்று சொல்லி நடுங்கியது எதுவோ, அதுவே போலந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், லூபின் பகுதிச் செப்புச் சுரங்கங்களிலும் இன்றைக்கும் நடக்கிறது. ஆழத்தில் பாறை தன்மேல் கிடக்கும் பாரத்தைத் தாங்கித் தாங்கி, ஒரு நிமிஷத்தில் பொறுமை இழந்து வெடித்துச் சிதறுகிறது. மேலே வீட்டுப் பாத்திரங்கள் உருளுகின்றன. வாசலில் நிற்கும் பெண்களுக்கு ஷிப்டில் யார் யார் இறங்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு மனத்தில் ஓடுகிறது. இந்த அதிர்ச்சியை முன்கூட்டி அறியப் பூமிக்குள் செவிக்கருவிகளைப் பதித்துக் கேட்கும் வித்தையில் போலந்துக்காரர்கள் மிகுந்த தேர்ச்சி உள்ளவர்கள். பாட்டனைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து ஒரு பேத்தி போய் அந்த வித்தையைக் கற்றால், அதைக் காட்டிலும் பொருத்தமான படிப்பு அவளுக்கு வேறொன்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி நடைமுறை. அரசாங்கக் கலாசாலைகளில் பகல்நேரப் படிப்புக்குப் போலந்துப் பிரஜைகள் சம்பளம் கட்டுவதில்லை. அயல்நாட்டார், உபகாரச் சம்பளம் கிடைத்தாலன்றி, கட்டியாக வேண்டும். பொறியியல் முதற்பட்டம் ஏழு பருவம், அதாவது மூன்றரை ஆண்டு; அதற்குமேல் முதுகலைக்கு மூன்று பருவம். பரீட்சையில் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டுப் பழகிய தகப்பனார்கள் திகைக்க வேண்டாம்: அங்கே 5 என்றால் மிகச் சிறப்பு, 3 என்றால் தேர்ச்சி, 2 என்றால் தோல்வி, ஒன்றும் பூஜ்யமும் கிடையாது. கிராக்கோ கலாசாலையின் மாணவர் விடுதிகள் சேர்ந்து ஒரு சிற்றூராகவே விளங்குகின்றன; லைன் வீட்டில், சுவருக்கு அப்பாலிருப்பவன் இருமுவது காதில் விழ வளர்ந்த பிள்ளைக்கு அங்கே தனிமை உறைக்காது. உறைப்பது குளிர்காலத்து இருட்டுத்தான். டிசம்பரில் நாலு மணி அடிப்பதற்கு முன்பே சூரியன் போய்விடுகிறான்.

பாஷையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நடத்தும் வகுப்புகள் உண்டென்பதால் போலிஷ் எதற்கு என்று கேட்கிறவர்கள் பலர். ஆங்கிலத்தோடு நின்றுவிடுகிறவன் அந்தத் தேசத்தில் ஐந்து ஆண்டு இருந்தாலும் சத்திரத்து வழிப்போக்கன்தான். ஆய்வுக்கூடத்து உதவியாளரும் சுரங்கத்து மேஸ்திரியும் அவனோடு பேசமாட்டார்கள், வித்தையோ பாதி அவர்களிடம் இருக்கிறது. உச்சரிப்பு பயமுறுத்துவது வாஸ்தவம்: நம்மவர் ‘லோட்ஸ்’ என்று வாசிக்கும் ஊரின் பெயர் ‘வூச்’, ‘கிராக்கோ’ என்று நாம் சொல்வது ‘கிராகுஃப்’. ஆனால் இலக்கணத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சலுகை இருக்கிறது. போலிஷில் வேற்றுமை ஏழு. எட்டு வேற்றுமை படித்தவனுக்கு ஏழு என்ன பிரமாதம்? பெயர்ச்சொல் உருபேற்று வால் மாறுவதைக் கண்டு ஆங்கிலேயன்தான் மிரள வேண்டும். விளி வேற்றுமைகூட அங்கே உயிரோடு இருக்கிறது: முருகனை நாம் ‘முருகா’ என்று கூப்பிடுவதுபோல், அன்னாவை அவர்கள் ‘அன்னோ’ என்று கூப்பிடுகிறார்கள். பெரியவர்களை ‘நீ’ என்று சொல்லக்கூடாது என்பதை அவர்களுக்கும் தாய்மார் கற்றுக்கொடுத்தே வளர்க்கிறார்கள். பேராசிரியரை மரியாதைச் சொல் முன்வைத்து, அதுவும் விளி உருபோடு, அழைக்க வேண்டும். இந்த நுட்பம் நமக்கு ரத்தத்தில் ஊறியது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. போலந்துக்கு அனுப்புகிறோம் என்று பெங்களூரிலும் சென்னையிலும் கடை விரித்திருக்கும் தரகர்கள் சிலர், கலாசாலை என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் மூன்று அறைகள் மட்டுமே உள்ள ஸ்தாபனங்களுக்கும் ஆள் சேர்க்கிறார்கள். 2023-இல் போலந்து விசா வழங்கியதில் நடந்த முறைகேடுகள் வெளிப்பட்டு, அந்தத் தேசத்தின் தேர்தலிலேயே பெரிய விவாதமாயின. அதற்குப் பின் சோதனைகள் கடுமையாகிவிட்டன. தரகனுக்குக் கொடுக்க நகை அடகு வைப்பதற்கு முன்னால், அரசாங்கக் கலாசாலையின் சேர்க்கை அலுவலகத்துக்கு நேரே ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பதில் எழுதுகிறார்கள்.

கடைசியாக, கிராக்கோவில் நான் மிகவும் வியக்கும் விஷயம். நிலக்கரியால் வளர்ந்த தேசத்தின் சுரங்கக் கலாசாலை இருக்கும் அதே நகரம், 2019 செப்டம்பர் 1 முதல், புகையின் தொல்லை தாங்காமல், வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பதைத் தடை செய்துவிட்டது. 2021-இல் அரசாங்கமும் சுரங்கத் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, நிலக்கரிச் சுரங்கங்களை 2049-க்குள் ஒவ்வொன்றாக மூடுவதென்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. இருபத்தெட்டு ஆண்டுத் தவணை! இன்று சுரங்கத்தில் சேரும் வாலிபன் எந்தப் பிராயத்தில் வெளியே வருவான், அதற்குள் அவன் மகன் என்ன படிக்கலாம் என்று கணக்குப் போட அவகாசம் இருக்கிறது. அந்த ஒப்பந்தமும் பூரணமானதன்று. சீக்கிரம் மூடவேண்டும் என்பாரும், மூடவே கூடாது என்பாரும் அங்கே இருக்கிறார்கள். ஆனாலும் உட்கார்ந்து பேசினார்கள். தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது. அதன் தொழிலாளர் தங்களுக்குச் சேரவேண்டிய பாக்கிக்காகப் பிறகு பல ஆண்டுகள் அலைந்ததை இந்தத் தொடரின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. போலந்தில் கல்வியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. மதிப்பெண் பட்டியலுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கவும், பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் போலிஷில் பெயர்க்கவும், விசாவுக்கு நாள் கிடைக்கவும் மாதங்கள் ஓடிவிடும். பொங்கல் கழிந்த கையோடு காகிதங்களைத் திரட்டத் தொடங்குங்கள். கூடவே அந்த ஏழு வேற்றுமைகளையும்.