எலும்பைப் பற்றும் பட்டை

சூலை, ஆகத்து மாதங்களில் பிரான்சிலிருந்து புதுவைக்கு விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் பல. 1962 ஆகத்து 16 அன்று ஆட்சிமாற்றம் சட்டப்படி நிறைவுற்றதை அடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்களில் உண்டு. பாரிசில் வீட்டு வாசலிலிருந்து வானூர்தி நிலையம் வரை தனி இருக்கையில் ஐந்து பட்டைகளால் பிணிக்கப்பட்டு வந்த இரண்டு வயதுக் குழந்தை, மீனம்பாக்கத்தில் வாடகை மகிழுந்தில் ஏறியதும் பாட்டியின் மடிக்கு மாறிவிடுகிறது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மாமல்லபுரமும் மரக்காணமும் காலாப்பட்டும் கடந்து வீடு சேரும்வரை அந்த மடிதான் இருக்கை.

பிரான்சில் சட்டம் உண்டு, இங்கே இல்லை என்று பலரும் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உரிய காப்பிருக்கை கட்டாயம் என்ற விதி பிரான்சில் 1992 சனவரி முதல் நடப்பிலுள்ளது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை இருக்கைப் பட்டையோ குழந்தைக் காப்பிருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் தண்டம் என்கிறது. புதுவைக்கும் அது பொருந்தும். ஏட்டிலுள்ள அந்தப் பிரிவுக்காகத் தண்டம் கட்டியவரைக் காண்பதுதான் அரிது. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, மடி ஏன் போதாது என்பதை இயற்பியலிடமும், பெரியவருக்குரிய பட்டை ஏன் போதாது என்பதைக் குழந்தையின் எலும்பிடமும் கேட்பதே முறை.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த விரைவில் செல்லும் ஊர்தி எதிலேனும் மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத உடல் அதே விரைவில் முன்னே செல்லும். அந்த விரைவு, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெற்றிருக்கும் விரைவுக்குச் சமம். இவ்விரைவு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அடங்கினால், உடல் தாங்கவேண்டிய விசை அதன் எடையைப்போல் பதினான்கு மடங்கு. பத்துக் கிலோ குழந்தையை அந்நேரத்தில் பிடித்து நிறுத்த 140 கிலோ எடையைத் தூக்கும் வலு வேண்டும். ஏறத்தாழ இரண்டு அரிசி மூட்டை. அதையும் முன்னறிவிப்பின்றி, கண்ணிமைக்கும் பொழுதில் தூக்கவேண்டும். எந்தத் தாயின் கைக்கும் இது இயலாது. அன்பின் குறையன்று அது; தசையின் எல்லை.

தாயும் பட்டை அணியாதிருந்தால் நிலை இன்னும் கொடிது. அறுபது கிலோ உடல் அதே பதினான்கு மடங்கு விசையோடு முன்னே பாயும். இடையில் நசுங்குவது குழந்தை. தன்னையும் குழந்தையையும் ஒரே பட்டைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வோரும் உளர். கவனமான செயலாகத் தோன்றும் இதுவும் தாயின் எடை முழுவதையும் குழந்தையின் வயிற்றின்மேல் பட்டையாக அழுத்தும்.

இனி எலும்பு. பட்டை உடலைத் துணியால் தாங்குவதில்லை, எலும்பால் தாங்குகிறது. 1959-இல் சுவீடனின் வோல்வோ நிறுவனத்துப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனைப் பட்டையின் நுட்பம் முழுவதும் இதில் அடங்கும்: விசையைத் தோளெலும்பு, மார்புக்கூடு, இடுப்பெலும்பு என்னும் உறுதியான இடங்களில் பரப்பிவிடுவது. வளர்ந்தவரின் இடுப்பெலும்பில் முன்புறம் புடைத்து நிற்கும் இரு முனைகளில் கீழ்ப்பட்டை சிக்கி நிற்கும். சிறு குழந்தைக்கு அந்தப் புடைப்பு இன்னும் உருப்பெறவில்லை. பத்து வயதை நெருங்கும்போதுதான் அது பட்டையைத் தாங்கும் அளவுக்கு வளரும். அதுவரை மோதலின்போது கீழ்ப்பட்டை இடுப்பிலிருந்து வழுக்கி, எலும்பில்லாத வயிற்றின்மேல் ஏறிவிடும். குடலும் கல்லீரலும் மண்ணீரலும் இருக்கும் இடம் அது. மேற்பட்டையோ தோளில் அமராமல் கழுத்தை அறுக்கும்.

கழுத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பிறந்த குழந்தையின் தலை உடல்நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. அந்தப் பெருந்தலையைத் தாங்கும் கழுத்து முள்ளெலும்புகளோ முழு எலும்புகளல்ல. ஒவ்வொன்றும் குருத்தெலும்பால் இணைந்த துண்டுகள். மூன்று வயது முதல் ஆறு வயதுக்குள்தான் அவை ஒன்றாய் இறுகுகின்றன. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டைகள் பிடித்து நிறுத்தும்போது தலையை எதுவும் பிடிப்பதில்லை. அது முன்னே பாய்ந்து கழுத்தை இழுக்கும். எலும்பும் தசைநாரும் நீண்டு கொடுக்கலாம். உள்ளிருக்கும் தண்டுவடத்துக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை.

இதற்கான தீர்வு விண்வெளியிலிருந்து வந்தது எனலாம். சுவீடன் மருத்துவப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், விண்கலம் எழும்போது ஏற்படும் விசையை வீரர்கள் முதுகு முழுவதும் பரப்பி வாங்கும் வகையில் மல்லாந்து அமர்த்தப்படுவதைக் கண்டார். குழந்தையையும் ஊர்தியின் பின்புறம் நோக்கித் திருப்பி அமர்த்தினால், மோதலின் விசை தலை, கழுத்து, முதுகு மூன்றிலும் ஒருங்கே பரவும் என எண்ணி 1964-இல் முதல் மாதிரியை ஆய்வுக்கு வைத்தார். பின்னோக்கிய இருக்கை அப்படித்தான் தோன்றியது. ஐக்கிய நாடுகள் அவையின் 129-ஆம் ஒழுங்குமுறை பதினைந்து மாதம் வரை பின்னோக்கியே அமர்த்தவேண்டும் என்கிறது. சுவீடன் மக்கள் நான்கு வயதுவரைகூட அப்படியே அமர்த்துகின்றனர். காலை எங்கே நீட்டும் என்று கவலைப்படும் நம் தாத்தாக்களுக்கு ஒரு சொல்: குழந்தை காலை மடக்கிக்கொள்ளும், சாய்மானத்தில் ஏற்றிக்கொள்ளும். மடங்கிய காலால் வரும் இடர் சிறிது. இழுபட்ட கழுத்தால் வருவது பெரிது.

இருக்கை வாங்கிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஒன்றரை வயதுக்கு மேல் குழந்தை ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளும்: முழங்கையை மடக்கி உள்ளே இழுத்து, தோளைக் குறுக்கி, முதுகை வில்லாய் வளைத்துப் பட்டையிலிருந்து கையை உருவிவிடும். பிறகு இடுப்பையும் நழுவவிட்டு எழுந்து நின்று பின்கண்ணாடி வழியே மாடு பார்க்கும். பெற்றோர் இதைக் குறும்பு என்கின்றனர். பெரும்பாலும் அது பட்டையின் தளர்ச்சி.

தோளருகே பட்டையை நெடுக்குவாக்கில் இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளினால் மடிப்பு விழுமானால் தளர்வு உண்டு. விரல் வழுக்கினால் சரி. பட்டை புறப்படும் துளை, பின்னோக்கிய இருக்கையில் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்கவேண்டும். முன்னோக்கியதில் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ. சிலமாதங்களில் குழந்தை வளர்ந்துவிடும், துளையை மாற்ற நமக்கு நினைவிருக்காது. அந்த இடைவெளியில்தான் தோள் நழுவுகிறது. குளிர்நாட்டில் தடித்த மேலங்கி செய்யும் கேட்டை, புதுவையில் வேறு பொருள்கள் செய்கின்றன: வியர்வைக்கென இருக்கையில் விரித்த தேங்காய்ப்பூத் துண்டு, மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போகும் நாளில் உடுத்திய பட்டுப்பாவாடை. துண்டு அமுங்கி இடைவெளி தரும், பட்டு வழுக்கும். கால்களுக்கிடையே வரும் ஐந்தாம் பட்டை பாவாடைக்கு மேலே கிடந்தால், இடுப்புப் பட்டைகளைக் கீழே இழுத்து நிறுத்தும் தன் கடமையை அது செய்ய இயலாது. பாவாடையைச் சுருட்டி மேலேற்றி, பட்டையை உடலை ஒட்டிப் பூட்டி, பிறகு துணியை மேலே விரித்துவிடலாம்.

பூட்டின் வடிவமைப்பிலும் ஒரு நுண்மை உண்டு. ஐரோப்பிய ஒழுங்குமுறை, அதன் சிவப்புப் பொத்தானைத் திறக்க 40 முதல் 80 நியூட்டன் விசை வேண்டும் என வரையறுக்கிறது. அதாவது நான்கு முதல் எட்டுக் கிலோ அளவுக்கு அழுத்தவேண்டும். குழந்தையின் கட்டைவிரலுக்கு அது கடினம். மீட்க வரும் வழிப்போக்கருக்கு எளிது. இந்த இரு தேவைகளுக்கும் நடுவே எடுத்த அளவு அது. ஆகவே பொத்தானை மூடி மறைக்கும் துணைக்கருவிகளைக் கடையில் கண்டாலும் வாங்காதிருப்பதே நன்று. இருக்கையோடு சேர்த்துச் சோதிக்கப்படாத அப்பொருள், விபத்துக்குப் பின் உதவ வரும் கையைத்தான் தடுக்கும்.

குழந்தை கையை உருவிவிட்டால், ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பிச் சரிசெய்வது பேரிடர். ஓரமாய் நிறுத்தி, இறங்கி, மீண்டும் பூட்டிவிட்டுப் பிறகு புறப்படவேண்டும். ஒவ்வொரு முறையும் சினமில்லாமல், சிரிப்புமில்லாமல் இதையே செய்தால், எழுந்தால் வண்டி ஓடாது என்பதைக் குழந்தை தானே உணரும். விளையாட்டாய் எடுத்துக்கொண்டு சிரித்தாலோ அடுத்த முறையும் எழும்.

முன்னிருக்கை குழந்தைக்கு உரியதன்று. காற்றுப்பை மணிக்கு 300 கிலோமீட்டர் வரையிலான விரைவில் விரியும். நிமிர்ந்து அமர்ந்த வளர்ந்தவரின் மார்பைக் கணக்கிட்டே அது அமைந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், முன்னிருக்கையில் தாயின் மடியிலிருந்த இரண்டு வயதுக் குழந்தை காற்றுப்பை விரிந்ததில் உயிரிழந்தது. அதையடுத்து அக்டோபரில் கேரளப் போக்குவரத்துத் துறை குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கி, திசம்பர் முதல் தண்டம் வாங்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அமைச்சர் கே. பி. கணேஷ் குமார் அதைக் கைவிட்டார். கடல் நீங்கலாக மற்றப் புறமெல்லாம் கேரளத்தால் சூழப்பட்ட மாஹே புதுவையின் ஒரு பகுதி என்பதால், இச்செய்தி நமக்கு அயலூர்ச் செய்தியன்று.

வெயிலையும் மறவாதிருப்போம். நிறுத்திய மகிழுந்தின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 செல்சியசு பாகை உயர்கிறது எனவும், அவ்வுயர்வில் எண்பது விழுக்காடு முதல் அரைமணியிலேயே நிகழ்கிறது எனவும் 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பதால் பெரிய பயனில்லை. ஐந்து பட்டைகளால் கட்டிய குழந்தை தானே இறங்கி வரமுடியாது. நேரு வீதியில் ஒரு பொருள் வாங்கிவரும் நேரத்துக்குக்கூட அதைத் தனியே விடக்கூடாது. வெயிலில் கிடந்த பூட்டின் உலோகம் சுடும் என்பதால், இறங்கும்போது பட்டைகளை ஒரு வெள்ளைத் துணியால் மூடிச்செல்வது நல்ல வழக்கம்.

இவ்வளவும் மகிழுந்து உடையவர்க்கு. புதுவை இருசக்கர ஊர்திகளின் ஊர். காமராசர் சாலையில் மாலையில் நின்று பார்த்தால், ஸ்கூட்டரின் முன்தட்டில் நின்றபடி கைப்பிடியைப் பற்றிய குழந்தைகளைக் காணலாம். தடை போட்டால், வண்டிக்கு முன் செல்லும் முதல் உடல் அதுவே. நடுவண் அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்டு, ஓராண்டு கழித்து நடப்புக்கு வந்த விதி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும் காப்புக்கச்சும் வேண்டும் என்கிறது. குழந்தை அணியும் மேற்சட்டையிலிருந்து இரு பட்டைகள் சென்று ஓட்டுநரின் தோள்களில் மாட்டிக்கொள்ளும். 30 கிலோ எடை தாங்கவேண்டும். வண்டி 40 கிலோமீட்டரைக் கடக்கக்கூடாது. தூங்கி விழும் குழந்தையை இக்கச்சு விழாமல் காக்கும். மோதலில் அது செய்யக்கூடியது குறைவு. ஏனெனில் அது குழந்தையைப் பிணைப்பது ஊர்தியோடன்று, தானே தூக்கியெறியப்படும் இன்னோர் உடலோடு. ஆயினும் வீட்டில் மகிழுந்து இல்லாத குடும்பத்துக்கு இதற்கு மேல் ஏதும் இப்போதில்லை. 2019-இல் பெரியவர்களின் தலைக்கவசத்துக்கே அரசியல் பூசல் கண்ட ஊர் இது. குழந்தைக் கச்சைப் பற்றி யார் பேசுவார்?

உலக நலவாழ்வு நிறுவனம், சரியான காப்பிருக்கை கைக்குழந்தைகளின் விபத்துச் சாவுகளை ஏறத்தாழ எழுபது விழுக்காடு குறைக்கிறது என்கிறது. அந்தக் கைக்குழந்தையின் முதற்பயணம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு. எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் ஆட்டோக்களில் எந்த இருக்கையையும் பிணைக்கப் பட்டையே கிடையாது. மகிழுந்தில் செல்வோரும், ஓராண்டில் சிறிதாகிவிடும் பொருளுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிடத் தயங்குவர். சுவீடனில் 1980-களிலேயே காப்பீட்டு நிறுவனங்கள் பிறந்த குழந்தைக்கு இருக்கையை இரவலாகத் தந்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் தொடங்கியது. புதுவை போன்ற சிறு பரப்பில் மருத்துவமனையோ, அரிமா சங்கம் போன்ற அமைப்போ அதை நடத்துவது கடினமன்று. ஒன்றை மட்டும் கண்டிப்பாய்க் காக்கவேண்டும்: ஒருமுறை விபத்தில் சிக்கிய இருக்கையை மீண்டும் எவருக்கும் தரலாகாது. அதன் நெகிழி ஓட்டில் விழுந்த மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரவல் பேரேட்டில் வாங்கியவர் பெயரோடு, திருப்பித் தரும் நாளில் 'மோதல் நேர்ந்ததா' என்றொரு கட்டமும் இருக்கவேண்டும்.