பரப்புக்கு ஒரு லட்சம் லீற்றர்

'யாழ்ப்பாணத்தில் கடந்த 24 மணித்தியாலத்தில் இவ்வளவு மில்லிமீற்றர் மழை' என்று வானொலி சொல்லும்போது, அந்த அளவை எடுத்த இடம் பெரும்பாலும் திருநெல்வேலிதான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் யாழ்ப்பாண நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுகுழாயில் ஊற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். மாரி தொடங்கிவிட்டால் குடாநாடு முழுக்கக் காத்திருப்பது அந்தக் குறிப்புக்காகத்தான்.

2008 நவம்பர் 25ஆம் திகதி அந்தக் குறிப்பு ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் என்று இருந்தது. 1918க்குப் பிறகு இங்கே ஒரே நாளில் அவ்வளவு மழை பெய்ததில்லை என்றார்கள். நிஷா புயலின் மழை அது. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழைவீழ்ச்சியே சுமார் 1,250 மில்லிமீற்றர்தான். அதில் மூன்றிலொரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது.

மில்லிமீற்றர் என்று சொன்னால் யாருக்கும் பிடிபடாது. நாங்கள் காணியைப் பரப்பில் அளக்கிறவர்கள், மழையையும் பரப்பிலேயே அளந்து பார்ப்போம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆக ஒரு பரப்பு என்பது சுமார் 253 சதுர மீற்றர். அதன்மேல் 390 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லீற்றர் தண்ணீர். பத்தாயிரம் லீற்றர் பவுசரில் கொண்டுவந்து ஊற்றுவதானால் பத்துப் பவுசர் வேண்டும். இரண்டு பரப்பு வளவுக்கு இருபது பவுசர். ஒழுங்கையில் இருபது வீடு என்றால் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அனர்த்தத் தணிப்பு என்று பெரிய பெயரில் பேசுவதெல்லாம் யாழ்ப்பாண நகரத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு லட்சம் லீற்றர் எங்கே போய் இருக்கும் என்ற கேள்விதான். என் எண்ணத்தில், அந்தக் கேள்விக்கு நாம் இதுவரை பாதிப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறோம்.

புயல் என்றதும் காற்றைத்தான் நினைக்கிறோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையைக் கடந்தே அங்கே போனது. காற்று என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் இங்கும் உண்டு. ஆனால் அண்மைக் காலத்தில் குடாநாட்டை நனைத்துப் போட்ட புயல்கள் வேகத்தால் பெயர் வாங்கியவை அல்ல. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி, மன்னார் வளைகுடாவுக்குள் போய் ராமநாதபுரம் கரைக்கு அருகே அசையாமல் நின்றுவிட்டது. காற்று தணிந்து வலுவிழந்த பிறகும் ஈரக்காற்றை வங்காள விரிகுடாவிலிருந்து இழுத்து எங்கள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கலும் கிழக்குக் கரையோரமாக ஊர்ந்து ஊர்ந்துதான் புதுச்சேரிக்குப் போனது. மெதுவாகப் போகிற புயல் ஒரே இடத்தில் அதிக நேரம் பெய்கிறது. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ ஏழு வீதம் கூடும் என்பது பௌதிகம். கடல் சூடாகிவரும் காலத்தில் இந்த ஊர்ந்து போகிற புயல்களைப் பற்றிக் கவலைப்பட அதுவே போதும். ஆகவே மணிக்கு எத்தனை கிலோமீற்றர் காற்று என்று மட்டும் பார்த்து 'இது சின்னப் புயல்' என்று நிம்மதி அடைவது ஆபத்து. திருநெல்வேலியிலேயே இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜாவின் மழை முன்னறிவிப்புகளை மாரி காலத்தில் பலர் தேடி வாசிக்கிறார்கள். எத்தனை நாள், எந்தப் பக்கம், எவ்வளவு மழை என்று தமிழில் சொல்லக் கேட்கிற பழக்கம் வந்திருப்பது நல்ல மாற்றம்.

சரி, விழுந்த தண்ணீருக்கு வருவோம். குடாநாட்டில் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் சேரும் வழுக்கையாறு ஒன்றுதான் விதிவிலக்கு. மிக உயர்ந்த இடம்கூடப் பதினைந்து மீற்றரைத் தாண்டாது. ஓடுவதற்குச் சரிவில்லாத தட்டையான நிலம் இது. அப்படியானால் நூற்றாண்டுக் கணக்காக மழை எங்கே போனது? கீழே போனது. அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்; வெடிப்பும் துளையும் குகையுமாகக் கிடக்கிற பாறை. அதன்மேல் திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் பக்கமெல்லாம் செம்மண். செம்மண் தண்ணீரை விரைவாகக் குடிக்கும். அது குடித்ததைப் பாறை வாங்கிக்கொள்ளும். அந்தத் தோட்டக் காணிகள் வெங்காயமும் புகையிலையும் மட்டுமா தந்தன? நகரத்துக்கு வரவேண்டிய வெள்ளத்தைப் பாதி வழியில் மறித்துக் கிணற்றுக்கு அனுப்பும் வேலையையும் சம்பளமில்லாமல் செய்தன.

இப்போது திருநெல்வேலிச் சந்தியில் நின்று பலாலி வீதியின் இரண்டு பக்கமும் பாருங்கள். 1974இல் பல்கலைக்கழகம் வந்தது. பிறகு மாணவர் தங்கும் அறைகள், கடைகள், மாடிகள். வளவு துண்டாகிறது, முற்றத்துக்குக் கல் பதிக்கிறார்கள், கிடுகு வேலி இருந்த இடத்தில் கொங்கிறீற் மதில் எழும்புகிறது. வேலிக்கு நடுவால் வெள்ளம் ஊர்ந்து அடுத்த வளவுக்குப் போகும். மதிலுக்கு நடுவால் போகாது. அது ஒழுங்கைக்கு இறங்குகிறது. ஒழுங்கை தாரோ கொங்கிறீற்றோ போட்டு முன்பிருந்ததைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது என்றால் பள்ளத்து வீட்டுக்குள் போகிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வளவைக் காப்பாற்றச் செய்தது எல்லாம் சேர்ந்து ஊருக்கு வெள்ளமாகிறது. இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கட்டட அனுமதி கொடுக்கிற இடத்தில், 'கூரைத் தண்ணீரை எங்கே இறக்குகிறாய்?' என்று ஒரு கேள்வியை வைக்கலாம்.

நிர்வாக எல்லை இன்னொரு சிக்கல். திருநெல்வேலி நல்லூர் பிரதேச சபைக்குரியது. தெற்கே போனால் மாநகரசபை. தண்ணீரோ நல்லூர்ப் பக்கத்திலிருந்து நகரத்தின் வெள்ளவாய்க்கால்களுக்குள் இறங்கிக் கடனீரேரிக்குப் போகிறது. ஒரு சபை வாய்க்காலைத் துப்புரவாக்க, அடுத்த சபையின் மதகு அடைத்துக் கிடந்தால் என்ன பயன்? 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மேயில்தான் தேர்தல் நடந்தது. 2024 வெள்ளம் வந்தபோது கேட்பதற்கு வட்டார உறுப்பினர் என்று ஒருவரே இல்லை.

உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த மூலோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டத்தில் யாழ்ப்பாணத்துக்கு வீதிகளோடு வடிகால்களும் வந்தன. தேவையான வேலை. ஆனால் வடிகால் என்பது பாதிப் பதில். சரிவில்லாத நிலத்தில் வாய்க்கால் எவ்வளவு அகலமானாலும், கடனீரேரியின் மட்டம் உயர்ந்து நிற்கும் நேரத்தில் தண்ணீர் இறங்காது. தாழமுக்கம் வந்து காற்றும் கரையை நோக்கி அடிக்கிற அதே நாளில்தான் மட்டமும் உயர்கிறது. அந்த ஒன்றிரண்டு நாளுக்குத் தண்ணீரை நிறுத்திவைக்க இடம் வேண்டும்.

அந்த இடத்தை முன்னோர் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். குடாநாட்டில் குளம், கேணி, துரவு என்று ஆயிரத்துக்கு மேல். நல்லூரில் அரசர் காலத்து யமுனா ஏரி, நகரத்தில் ஆரியகுளம், புல்லுக்குளம். ஆரியகுளம் 2021இல் புனரமைக்கப்பட்டு மாலை நேரத்தில் சனம் கூடுகிற இடமாகிவிட்டது. நல்லது. ஆனால் குளத்தைப் புனரமைக்கிறோம் என்றால் நடைபாதைக்கும் விளக்குக்கும் முன்னால் பார்க்கவேண்டியது தண்ணீர் உள்ளே வரும் வாயை. சுற்றிவரச் சுவர் கட்டி, வரத்து வாய்க்காலை மறந்துவிட்டால் அது வெறும் தொட்டி. குளத்துக்கு வேலை இருப்பது நவம்பரில்.

கொப்பன்ஹேகனில் 2011 ஜூலை 2ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் பெய்து நகரம் மூழ்கியது. அடுத்த ஆண்டே கடும் மழைக்கென்று தனித் திட்டம் எழுதினார்கள். குழாய்களைப் பெரிதாக்குவதோடு நிற்காமல், பூங்காக்களையும் வீதிகளையும் தாழ்த்தித் தண்ணீரை அங்கே தற்காலிகமாக நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். எங்ஹேவ பூங்கா 22 ஆயிரம் கன மீற்றருக்கு மேல் தாங்கும். மற்ற நாளில் பிள்ளைகள் விளையாடுவார்கள். எங்கள் கணக்கில் அது நிஷா நாளில் சுமார் பதினான்கு ஏக்கரில் விழுந்த மழை. திருநெல்வேலியைச் சுற்றிப் பாடசாலை மைதானங்களும் கோயில் வீதிகளும் கேணிகளும் இருக்கின்றன. பதினான்கு பதினான்கு ஏக்கராகச் சேர்த்தால் நகரத்துக்கு இறங்கும் வெள்ளத்தில் ஒரு கணிசமான பங்கு பிடிபடும். அதற்கு முதலில் வேண்டியது சென்ரிமீற்றர் கணக்கில் உயரம் காட்டும் வரைபடம். இந்தத் தட்டை நிலத்தில் ஒரு மீற்றர் சமவுயரக் கோடு எந்த ஒழுங்கையைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.

தண்ணீரை நிறுத்துவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய லாபம். குடாநாட்டு நன்னீர் என்பது பாறைக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை. உப்புநீர் சற்றுக் கனமானது என்பதால், கடல் மட்டத்துக்குமேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்கிறது கைபன்-ஹெர்ஸ்பேர்க் விதி. மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினால் கீழே எட்டு ஒன்பது மீற்றர் உப்பு ஏறும் என்பது அதே விதியின் மறுபக்கம். நவம்பரில் கடலுக்குத் துரத்துகிற தண்ணீரைத்தான் ஓகஸ்டில் பவுசருக்குக் காத்திருந்து வாங்குகிறோம். வெள்ளத் திட்டம் ஒரு கோப்பிலும் வறட்சித் திட்டம் இன்னொரு கோப்பிலும் இருப்பது யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. ஒன்றைத் திறந்தால் மற்றதும் திறக்கவேண்டும். 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று திட்டம் போட்டதும், தொண்டைமானாற்றில் தடுப்பணை எழும்பியதும் இதே கவலையில்தான்: மழைநீரைக் கடலுக்கு விடாமல் நிறுத்தி உவரை மெல்ல நன்னீராக்குவது.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24 ஆயிரம் கன மீற்றர். கிணற்றில் நைத்திரேற்று ஏறிக்கிடக்கும் ஊருக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் தாளையடி இருப்பது வடமராட்சி கிழக்கில். 2004 டிசம்பர் 26 சுனாமி மருதங்கேணி, உடுத்துறைப் பக்கம் ஏறி அடித்த அதே கரையில். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்று கிணறுகளைக் கைவிட்டால், ஒரு பெரிய அலைக்கோ நீண்ட மின்வெட்டுக்கோ பிறகு நகரத்துக்கு இரண்டாவது வழி இல்லாமல் போகும்.

அனர்த்தம் வந்த பிறகு செய்யும் வேலையில் நாங்கள் மோசமில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சுனாமிக்குப் பிறகு வந்தது. அதன்வழி அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டப் பிரிவு, 117 என்ற அவசர இலக்கம், கீழே கிராம அலுவலர் வரை ஒரு சங்கிலி இருக்கிறது. சனத்தைப் பாடசாலைக்கு ஏற்றி, சமைத்த உணவு கொடுத்து, குடும்பக் கணக்கெடுத்து அறிக்கை அனுப்புவதில் தேர்ந்துவிட்டோம். அந்தத் தேர்ச்சியில் பாதி மதகுக்கும் வந்திருந்தால் பாடசாலைக்கு ஏற்றவேண்டியவர்கள் குறைந்திருப்பார்கள்.

வெள்ளம் வற்றியபின் வருவதையும் திட்டம் தன் கணக்கில் சேர்க்கவேண்டும். 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காற்புண்ணோடு நின்றாலே கிருமி உள்ளே போய்விடும். ஆரம்பத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஊரே பயந்தது. வெள்ளத்தில் நின்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நின்றதையும் சொல்லவேண்டும்.

கிணறும் அப்படித்தான். சுண்ணாம்புப் பாறையில் மண் வடிகட்டுவது குறைவு; மலசலகூடக் குழித் தண்ணீர் வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்கு வந்துவிடும். வெள்ளம் மூடிய கிணற்றை உடனே மோட்டர் போட்டு அடிமட்டம் வரை இறைத்துவிடத்தான் எல்லோருக்கும் கை வரும். அப்படி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலேறும், கட்டும் இடியலாம். மட்டம் தானாக இறங்கும்வரை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் குளோரின் போடுவித்து, அதற்குப் பிறகும் சில காலம் கொதித்தாறிய தண்ணீரைக் குடிப்பதே சரி. பரிசோதகரின் தொலைபேசி இலக்கத்தைப் புரட்டாதிக்குள்ளேயே வாங்கிச் சுவரில் எழுதிவைத்துவிடுங்கள். கார்த்திகையில் அவரைப் பிடிப்பது கஷ்டம்.