எண்ணெய் தின்னும் நுண்ணுயிரி: ஊர் கேட்க வேண்டிய கணக்கு

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் சென்னையின் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. வலையும் படகும் கறுத்தன. மீனவர் பிழைப்பு முடங்கியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த எண்ணெய் எல்லோர் கண்ணிலும் பட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் கழிவுநீரில் கரைந்து வரும் நஞ்சு அப்படிக் கண்ணில் படாது.

தொட்டிக்குள் நடப்பது

ஆலைக் கழிவுநீரில் எண்ணெயோடு ஃபீனால், சல்ஃபைடு, அம்மோனியாவும் இருக்கும். மிதக்கும் எண்ணெயை முதலில் வழித்தெடுப்பார்கள். நுண்குமிழிகளைச் செலுத்தி, மிச்ச எண்ணெயை மேலே கொண்டுவந்து நீக்குவார்கள். அதன் பிறகும் கரைந்து நிற்பதைத்தான் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் தின்று செரிக்கின்றன. செலவு குறைந்த, நம்பத்தக்க முறை இது.

எங்கே பிசகும்?

இந்த நுண்ணுயிரிகளுக்கு ஓயாமல் ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைந்தால் யூரியா, பாஸ்பேட் சேர்க்க வேண்டும். காற்றடிக்கும் புளோயர் நின்றாலோ, சல்ஃபைடு ஒரேயடியாகக் கூடினாலோ அவை மடியும். மறுபடி பெருக வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை கழிவுநீரைத் தேக்கிவைக்க ஆலையில் இடம் இருக்க வேண்டும். கன உலோகங்களை நுண்ணுயிரிகளால் அழிக்க முடியாது. அந்த உலோகங்கள் கசடில் தங்கும். எண்ணெய்க் கசடு 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரக் கழிவு. அதைக் கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம்.

உங்கள் கையில் உள்ளவை

• வரம்பு: 2008 மத்திய அரசு அறிவிக்கையின்படி, வெளியேறும் நீரில் லிட்டருக்கு எண்ணெய் 5 மில்லிகிராம், ஃபீனால் 0.35, சல்ஃபைடு 0.5 தாண்டக் கூடாது.

• புகார்: நீரில் எண்ணெய்ப் படலம், மண்ணெண்ணெய் வாடை, செத்த மீன் கண்டால் தொடாதீர்கள். தேதி, நேரம், இடத்தோடு படமெடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நீர் மாதிரி எடுக்கும்படி அதிலேயே கேளுங்கள்.

• தகவல்: ஆலைக்கு வாரியம் வழங்கிய இசைவாணையின் நிபந்தனைகளையும், அதன் ஆய்வக முடிவுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

• இழப்பீடு: பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது. பாதிப்பு நேர்ந்ததிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோரலாம்.

“எங்களிடம் நுண்ணுயிரித் தொட்டி இருக்கிறது” என்று ஆலை சொன்னால், அது கடந்த மாதம் எத்தனை நாள் நின்றது, அந்த நாட்களின் ஆய்வக முடிவு என்ன என்று கேளுங்கள். மீன் விற்ற ரசீது, வலை வாங்கிய பில், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பாயத்தில் உங்கள் இழப்புக்குச் சாட்சி அவைதான்.