கடலில் மிதக்கும் கல்... தெரியுமா?

கல்லைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும்தானே? மூழ்காத கல்லும் இருக்கிறது! எரிமலை கக்கும் நுரைக்கல்! பியூமிஸ் என்பார்கள். குதிகால் தேய்க்க ஃபேன்சி ஸ்டோரில் வாங்குகிறோமே, அதேதான்!

இது எப்படிப் பிறக்கிறது தெரியுமா? பூமிக்கு அடியில் பாறைக்குழம்புக்குள் நீராவியும் கரியமில வாயுவும் பயங்கர அழுத்தத்தில் கரைந்து கிடக்கும். எரிமலை வெடித்ததும் அழுத்தம் சட்டென்று விலகும். குலுக்கித் திறந்த சோடா பாட்டில்போல் குழம்பு பொங்கி நுரைக்கும்! நுரை அடங்குவதற்குள் ஆறி இறுகிவிடும். படிகங்கள் உருவாகக்கூட நேரமில்லை. ஆகவே இது அசல் கண்ணாடி! சில கற்களில் 80 சதவீதத்துக்கும் மேல் வெறும் துளைகள்தான்!

அத்தனை துளைகளிலும் தண்ணீர் புகாதா? புகும்! ஆனாலும் மாதக்கணக்கில் மிதக்கும்! உள்ளே போகும் தண்ணீரே வாயுக்குமிழ்களை வெளியேற விடாமல் அடைத்துக்கொள்கிறது. 2017-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் எக்ஸ்ரே மூலம் கண்டுபிடித்த ரகசியம் இது!

2012 ஜூலையில் நியூசிலாந்துக்கு வடக்கே கடலடி எரிமலை ஹாவ்ரே வெடித்தது. கிட்டத்தட்ட 400 சதுர கிலோமீட்டருக்குக் கல் தெப்பம்! கடல்மேல் கல்லே தரையாகக் கிடந்தால் எப்படி இருக்கும்! விமானத்தில் போன பயணி ஒருவர் ஜன்னல் வழியே பார்த்த பிறகுதான் விஷயமே வெளியே தெரிந்தது!

இன்னும் பெரிய ஆச்சரியம் வேண்டுமா? 2006-இல் டோங்கா தீவுகள் பக்கம் ஒரு வெடிப்பு. அந்தக் கற்கள் 5,000 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து ஆஸ்திரேலியக் கரையில் ஒதுங்கின. அவற்றில் டிக்கெட் வாங்காமல் தொற்றிக்கொண்டு வந்தவை எத்தனை வகை உயிரினங்கள் தெரியுமா? 80-க்கும் மேல்! பவளம், கொட்டலசு, பாசி... கைக்குள் அடங்கும் கல்லில் ஒரு குட்டி உலகமே கடல் கடந்திருக்கிறது!

எல்லா நேரமும் நல்ல விருந்தாளி அல்ல! 2021-இல் ஜப்பானின் ஃபுகுடோகு ஓகானோபா எரிமலை வெடித்தது. இரண்டே மாதத்தில் அந்தக் கற்கள் 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஒகினாவாவில்! துறைமுகங்கள் அடைபட்டன, மீன்பிடிப் படகுகள் முடங்கின!

லேசான கல்தானே என்று நினைக்காதீர்கள்! கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தபோது பாம்பேய் நகரத்தின்மேல் மணிக்கணக்காகப் பொழிந்தது நுரைக்கல் மழைதான். பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தே விழுந்தன!

அதே கல்லை ரோமானியர்கள் எங்கே வைத்தார்கள் தெரியுமா? ரோம் நகரின் பாந்தியன் கோயில் குவிமாடத்தின் உச்சியில்! கீழே கனமான கற்கள், மேலே நுரைக்கல் கலந்த கான்கிரீட். குறுக்களவு 43 மீட்டர். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லை! சுமார் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது! இதைவிடப் பெரிய, கம்பியில்லாக் கான்கிரீட் குவிமாடம் உலகில் இன்றுவரை கிடையாது!

சாயம் வெளுத்த ஜீன்ஸ் போடுகிறீர்களா? ஸ்டோன் வாஷ் என்பதில் வரும் ஸ்டோன் இதுதான்! இப்போது பல இடங்களில் நொதிகள் அந்த வேலையைச் செய்கின்றன. பல் மருத்துவர் பல்லைப் பளபளப்பாக்கும் பசையிலும் இதன் பொடி உண்டு!

சூயஸ் கால்வாய்க்கும் நுரைக்கல்லுக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா? 1860-களில் கால்வாய்க் கட்டுமானத்துக்காக கிரேக்கத்தின் சாந்தோரினி தீவுகளில் நுரைக்கல் கலந்த எரிமலை மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். அந்த மண்ணுக்கு அடியில் என்ன வந்தது தெரியுமா? 3,500 ஆண்டுகளுக்கும் முந்தைய வீடுகள்!